தீவனம் தூக்கின நாள்

கோழி கத்துவதில் பல தினுசு உண்டு. பாம்பைப் பார்த்துக் கத்துவது ஒன்று, புழுக்கம் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டு முனகுவது ஒன்று, பக்கத்துக் கோழி கொத்திவிட்டதென்று நியாயம் கேட்பது ஒன்று. பசிக்குக் கத்துவது இதில் எதிலும் சேராது. கொட்டகை முழுக்க ஒரே தொண்டையாகிவிடும். புதன்கிழமை விடிந்ததிலிருந்து அம்சவல்லி அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூதலூருக்குக் கிழக்கே, புதுஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலை ஒட்டி அவர்களுடைய கோழிக்கொட்டகை. மூன்று பக்கமும் சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்திருந்தது. ஐப்பசி பிறந்து, அடுத்த வாரம் தீபாவளி. மழை வருகிறேன் வருகிறேன் என்று பயம் காட்டிக்கொண்டு, வராமல், உலைக்கு மூடி போட்ட மாதிரி வானம் கவிந்து கிடந்தது. உள்ளே சாக்குப் படுதாக்களைச் சுருட்டிக் கட்டியும் காற்றில்லை. உமி பரப்பின தரையில் வெள்ளை வெளேரென்று கோழிகள். அதுகளின் தலைக்கு எட்டாத உயரத்தில் சிவப்புத் தீவனத் தட்டுகள் வரிசையாகத் தொங்கின. அத்தனை கோழியும் கழுத்தை நீட்டி அந்தத் தட்டுகளைப் பார்த்துக் கத்தின.

"ஏங்க, நேத்து வெளக்கு வைக்கிறப்ப தூக்கினது. இந்நேரம் வரைக்கும் வண்டியக் காணோம். ஒரு போன் போட்டுத்தான் கேளுங்களேன்."

ரெத்தினம் கொட்டகை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எதுல போடுறது? டவரே இல்ல. ராத்திரி அடிச்ச காத்துல போயிருக்கு. கரண்டும் இல்ல."

"வளவன் தம்பி எத்தன மணிக்கு வண்டின்னுதான் சொன்னுச்சு?"

"மணியெல்லாம் சொல்லல. தீவனத்தத் தூக்கிடுங்கண்ணேன்னான். தூக்கச் சொன்னா விடியக்காலை லோடுன்னு அர்த்தம். தெரியாதவ மாதிரி கேக்குற."

தெரியும். லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் கோழியின் வயிறு காலியாக இருக்க வேண்டும். தின்ற வாயோடு ஏற்றினால் வழியெல்லாம் கழிந்து, சூடு தாங்காமல் செத்துப்போகும். அதுவுமில்லாமல் கம்பெனிக்காரன் கறிக்குத்தான் எடை போடுவான், இரைப்பையில் கிடக்கிற மக்காச்சோளத்துக்குப் போட மாட்டான். அதனால் லாரி வருவதற்கு ஆறேழு மணி நேரம் முன்னால் தட்டுகளை மேலே ஏற்றிவிடச் சொல்வார்கள். பண்ணைப் பேச்சில் அதற்குத் தீவனம் தூக்குவது என்று பெயர். நேற்று சாயந்தரம் கம்பெனி சூப்பர்வைசர் வளவனிடமிருந்து போன் வந்ததும் ரெத்தினம்தான் ஓடிவந்து, "தூக்கிரு புள்ள, தூக்கிரு" என்று பறந்தான். தூக்கியாகிவிட்டது. ராத்திரி போய், விடிந்து, ஆள்காரர்கள் டீ குடித்துவிட்டு நடவு வயலில் களைக்கு இறங்கியும் ஆகிவிட்டது. லாரியைத்தான் காணவில்லை.

அம்சவல்லியின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கம்பெனி குஞ்சு தரும், தீவனம் தரும், மருந்து தரும். கொட்டகையும் உழைப்பும் இவர்களுடையது. தின்ற தீவனத்துக்கு ஈடாகக் கறி வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைத்திருந்தால் நல்ல கூலி, அடுத்த குஞ்சு. வைக்காவிட்டால் சலாம் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இதற்கு முந்தின இரண்டு தடவையும் எடை தேறவில்லை. ஒரு தடவை அக்கினி நட்சத்திரத்தில் கோழி சுருண்டது, இன்னொரு தடவை சளி பிடித்தது. "இந்த வாட்டியும் தேறலேன்னா மேனேஜர் குஞ்சு விட மாட்டாருக்கா, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று வளவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். குஞ்சு வராவிட்டால் கொட்டகை காலி. கொட்டகை காலியானால் ரெத்தினம் திருப்பூருக்குப் போய்விடுவான். அவளுக்கு இருந்த பயமெல்லாம் இந்தக் கடைசிப் பயம்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தவன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான், நகக்கண்ணில் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். வந்து இரண்டு நாள் கழித்துத்தான் மகள் பூவிழி பயம் தெளிந்து கிட்டே போவாள். அவள் தாவணி போடுகிற வயது வந்தபோதும் அவன் அங்கேதான் இருந்தான். தாத்தன் காலமெல்லாம் அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம் அது. அரை ஏக்கர் சொந்தமாக வாங்கினபோது, அதில் நெல் போடாதே, கொட்டகை போடு என்று ஒற்றைக் காலில் நின்றவள் அம்சவல்லி. கோழி மேல் ஆசைப்பட்டு அல்ல. நெல் என்றால் நட்டுவிட்டு அவன் ரயிலேறிவிடுவான். கோழியென்றால் தினமும் ஆள் வேண்டும். அவனை வீட்டில் கட்டிப்போட அவள் கண்டுபிடித்த கயிறு இந்தக் கொட்டகை. அவன் வந்து மூன்று வருஷமாகிறது. பூவிழி இப்போது தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிறாள். மூன்று வருஷமும் அம்சவல்லி தூங்கியெழும்போது பக்கத்தில் ஓர் ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதற்கு விலை உண்டா?

அதனால் இந்தத் தடவை அவள் கோழி வளர்க்கவில்லை, பிள்ளை வளர்த்தாள் என்றே சொல்ல வேண்டும். குஞ்சு வந்த அன்றைக்குக் காகிதம் விரித்துத் தீவனத்தை அதன் மேல் தட்டித் தட்டிக் காட்டினாள். காகிதத்தில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டால்தான் குஞ்சு குனிந்து பொறுக்கும். வெயில் ஏறுமுன் வயிறு நிறைய விட்டு, உச்சிப் பொழுதில் தட்டைத் தூக்கி, சாயந்தரம் குளிர்ந்ததும் மறுபடி இறக்கினாள். வெயிலில் தின்றால் தீவனமே உடம்பில் சூடாகி ஆளைக் கொல்லும். ஒரேயடியாகக் கொட்டி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையால் கிளறி விடுவாள். கிளறுகிற சத்தத்துக்கு இன்னும் நாலு வாய் தின்னும். படுத்துக் கிடக்கிற சோம்பேறிகளை, "எந்திரிடா பண்ணையாரு, சாப்பாடு தயார்" என்று காலால் தள்ளி எழுப்புவாள். அடியிலே உமி நனைந்துவிடக் கூடாதென்று தினம் கிளறி, ஈரம் பட்டதை அள்ளி வெளியே கொட்டி, இடுப்பே விட்டுப்போயிற்று. பலன் இருந்தது. போன வாரம் வளவன் வந்து ஒன்றைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, கல்லு மாதிரி இருக்கு. இந்த வாட்டி தப்பிச்சிட்டீங்க" என்றான். அன்றைக்கு ராத்திரி அவள் பாயசம் வைத்தாள்.

அந்த நெஞ்சு இப்போது கரைந்துகொண்டிருந்தது. ஒன்றைப் பிடித்துத் தூக்கினாள். நேற்று இருந்த கனம் இல்லை என்று கை சொன்னது. கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். கரகரவென்றது.

"ஐயோ, உமியத் திங்குதுங்க! இங்க வந்து தொட்டுப் பாருங்க. வயித்துல உமிங்க!"

ரெத்தினம் வந்து தொட்டுப் பார்த்தான். முகம் சுண்டியது. ஆனாலும் பிடிவாதம் விடவில்லை.

"கொஞ்சம் பொறு. வந்துரும்."

"எப்ப வந்துரும்? நீங்களும் விடிஞ்சதுலேருந்து வந்துரும் வந்துரும்னுதான் சொல்றீங்க. ஒரே ஒரு மூட்டையப் பிரிச்சு, தட்ட எறக்கி..."

"பைத்தியமாடி நீ? தட்ட எறக்குற நேரம் பாத்து லாரி வந்து நிக்கும். வயித்துல தீவனத்தோட இருக்குன்னு தெரிஞ்சா என்ன சொல்வாங்க? எடைக்காகத் திணிச்சு ஏமாத்துறாங்கம்பாங்க. ஏற்கெனவே நம்ம மேல கண்ணு. நம்ம தெரு ஆளுங்க கொட்டகை போட்டா அப்படித்தான் இருக்கும்னு சொல்லக் காத்துக்கிட்டு இருக்கானுவ."

அதுவும் நியாயம்தான். அம்சவல்லி தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினாள். தட்டு தூக்கினாலும் தண்ணீர் நிறுத்தக் கூடாது. ஊற்றின இடத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. காலைக் கொத்தின. கொலுசைக் கொத்தின. சீலைக் கரையை இழுத்தன. "என்னைய ஏன்டா கொத்துறீங்க, நானா போட மாட்டேங்குறேன்?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பதினொரு மணி சுமாருக்கு மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தமும் கீழே கோழிச் சத்தமும் சேர்ந்து காது அடைத்தது. படுதாக்களை இறக்கிக் கட்டிவிட்டு ரெத்தினம் டி.வி.எஸ்ஸை எடுத்தான். "மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன். சேத்துல எங்கியாச்சும் மாட்டிக்கிட்டு நிக்கிறானோ என்னமோ" என்று தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போனான்.

அவன் தலை மறைந்ததும் காத்தாயி வந்தாள். பக்கத்து மனைக்காரி. கொட்டகை வந்த நாளிலிருந்து ஈ மொய்க்கிறதென்று சண்டை. பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் போன சண்டை. அம்சவல்லியோடு பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிறது. அவளே குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்தாளென்றால் சும்மா வரமாட்டாள்.

"ஏண்டி, உள்ள என்னத்தடி அறுக்குறீங்க? நேத்து ராத்திரி புடிச்சு ஒரே கூப்பாடு. ஈயத்தான் வளக்குறீங்கன்னு நெனச்சேன், இப்ப பேயும் வளக்குறீங்களா? மனுசரு கண்ணு மூட வேணாமா?"

வேறு நாளாக இருந்தால் அம்சவல்லி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பாள். இன்றைக்கு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

காத்தாயிக்குத் திக்கென்றது. "அடி ஆத்தே. நான் என்னத்தச் சொல்லிட்டேன்? எவளாச்சும் அழச் சொன்னாளா? சண்ட போடுவேன்னு பாத்தா அழுவுறியே, வெக்கமா இல்ல?"

"பசியில கத்துதுக்கா. தீவனம் தூக்கிப் பொழுதாச்சு. லோடு வரல. எங்க போனுக்கு டவரும் இல்ல."

"இவ்வளவுதானே? என் போன்ல பேசேன். எங்கூட்டுல வேற கம்பெனி சிம்மு. எம் மவன் ஓயாம பேசிக்கிட்டுத்தான் இருக்கான், எந்தச் சிறுக்கிட்டயோ." இடுப்பிலிருந்து போனை உருவினாள். "நம்பர் தெரியுமா?"

வளவனின் எண் கொட்டகைத் தூணில் கரியால் எழுதியிருந்தது. இரண்டு தடவை அடித்து அடங்கி, மூன்றாம் தடவை எடுத்தான். காத்தாயி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அம்சவல்லி பேசுறேன். லாரி எங்கப்பா வருது? நேத்து தூக்கினது, கோழியெல்லாம் உமியத் திங்குதுப்பா."

"என்னக்கா சொல்றீங்க? என்னத்தத் தூக்குனீங்க?"

"தீவனத்தத்தான். நீதானே தூக்கச் சொன்னே?"

அந்தப் பக்கம் மழைச் சத்தத்தை மீறி வளவனின் குரல் கத்தியது. "அக்கா! நான் தட்டத்தான்க்கா தூக்கச் சொன்னேன். போன வாரம் பாத்தப்ப தட்டு தாழ்ந்து கெடந்துச்சு, தீவனமெல்லாம் உமியில சிந்திக் கெடந்துச்சு. கோழி முதுகு ஒசரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கண்ணேன்னு சொன்னேன். லோடு வெள்ளிக்கிழம சாயந்தரம்தான். அதையும் சொன்னேனேக்கா, ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. அண்ணன் சரி தம்பி, சரி தம்பின்னாரு."

அம்சவல்லி போனுக்கு மேல் குனிந்தாள்.

"இப்ப என்ன தம்பி பண்ணட்டும்? தட்ட எறக்கிரட்டுமா?"

"ஐயையோ, எறக்கிறாதீங்க! இவ்வளவு பசியில தட்ட எறக்குனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கியே பாதி செத்துரும். எல்லாக் கோழிக்கும் ஒரே நேரத்துல தீவனம் கெடைக்கணும். நெருக்கியடிக்கக் கூடாது. அத்தன தட்டு உங்ககிட்ட ஏது? நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மாட்டிக்கிட்டேன், ரோட்டு மேல தண்ணி. எப்படியாச்சும் வந்துடுறேன். அக்கா, ஒண்ணும் அவசரப்பட்டுச் செஞ்சுறாதீங்க."

போன் கட்டானது. அம்சவல்லி கொட்டகையைப் பார்த்தாள். இத்தனை வாய். ஒரே நேரத்தில். எல்லாருக்கும்.

"கல்யாணத்துல எப்படிக்கா பந்தி வைக்கிறோம்?" என்றாள் திடீரென்று.

"என்னடி, புத்தி கெட்டுப்போச்சா?"

"மொத எலைக்கும் கடைசி எலைக்கும் ஒண்ணா சோறு விழுந்தா சத்தமே வராது. முன்னாடி ஒருத்தருக்குப் போட்டு, பின்னாடி இருக்குறவன காக்க வச்சாத்தானே சண்ட வரும்? அக்கா, நெல்லு காய வைக்கிற தார்ப்பாய் உங்கிட்ட இருக்குல்ல? தெருவுல இருக்குறதெல்லாம் வேணும். ஆளும் வேணும். ஈக்காக நான் அப்புறம் உங் கால்ல விழுறேன்."

"கால்ல விழுறதெல்லாம் இருக்கட்டும், வூட்டு முன்னாடி மருந்து அடி" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி ஓடினாள். அந்த வயதில் அந்த உடம்போடு அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

ரெத்தினம் திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் அறுவடை நாள் மாதிரிக் கூட்டம். மழையில் நனைந்துகொண்டு பெண்கள் தலையில் தார்ப்பாய்ச் சுருட்டோடு வந்தார்கள். நடவு வயலில் களை பறித்தவர்கள் சேற்றுக் காலோடு ஏறிவந்திருந்தார்கள். அம்சவல்லி புருஷனைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"லோடு வெள்ளிக்கெழமையாம்."

அவன் டி.வி.எஸ்ஸை ஸ்டாண்டு போடாமலே நின்றான். வண்டி சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "என்னது?" என்றான். அவளுக்கு விளக்க நேரமில்லை.

குஞ்சாக இருந்தபோது தடுப்புக்கு வைத்த தகரங்களை எடுத்துக் கொட்டகையைக் குறுக்கே நாலாகப் பிரித்தார்கள். மிரண்டு ஒரு மூலையில் போய்க் குவியாமல் இருக்க, ஆள் ஒவ்வொருவராகப் பூனை நடையில் உள்ளே போனார்கள். தார்ப்பாய்களை வரிசை வரிசையாக விரித்தார்கள், நடுவில் நடப்பதற்குத் தடம் விட்டு. மூட்டைகள் பிரிந்தன. எண்ணெயும் சோளமும் கலந்த தீவன வாசனை எழுந்ததும் கொட்டகை ஒருகணம் அடங்கி, பிறகு முன்னைவிடப் பெரிதாக வெடித்தது.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் ஒரு பிடி போடக் கூடாது" என்று அம்சவல்லி அதட்டினாள். எல்லாரும் அன்னக்கூடையும் முறமும் பாத்திரமுமாக அவரவர் வரிசையில் நின்றார்கள். எல்லார் காலையும் கோழிகள் கொத்தின. எவளோ ஒருத்தி "ஆத்தாடி" என்று துள்ளினாள்.

"மொதல்ல உப்பு வைக்க வேணாமாடி? கூட்டு, பொரியல் உண்டா?" என்று காத்தாயி கேட்டாள். அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

"போடுங்க!"

எல்லாக் கையும் ஒன்றாக இறங்கின. அந்தக் கோடியிலிருந்து தூவிக்கொண்டே பின்னால் நடந்து வந்தார்கள். மெல்லிசாக, ஒரு கோழி நின்ற இடத்திலேயே குனிந்து தின்கிற மாதிரி. அப்படியும் ஒரு மூலையில் அலை மாதிரி எழுந்து சுவர் ஓரம் குவிந்துவிட்டது. "ரெத்தினம் தம்பி, அந்தண்ட, அந்தண்ட!" என்று கத்தினாள் காத்தாயி. ரெத்தினம் பாய்ந்து போய், குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிரித்துப் பிரித்து எறிந்தான். அடியில் கிடந்தவை எழுந்திருக்கவில்லை. மற்ற இடமெல்லாம் மெல்ல மெல்ல சத்தம் குறைந்தது. குறைந்து குறைந்து, கடைசியில் தார்ப்பாயில் அலகு படுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. வெளியே பெய்கிற மழையும் அதுவும் ஒன்று போலவே கேட்டன.

அம்சவல்லி அப்படியே உமியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கோழி அவள் மடியில் சிந்தியிருந்த தீவனத்தைப் பொறுக்கித் தின்றது. "தின்னு சாமி, தின்னு" என்றாள்.

இன்னும் ஒரு சுற்றுப் போட்டு, பிறகு தட்டுகளை இறக்கி, வளவன் சொன்னபடி கோழி முதுகு உயரத்துக்குக் கட்டினார்கள். வந்தவர்கள் கடுங்காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். செத்ததை எல்லாம் ரெத்தினம் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்க் குழியில் போட்டு மூடினான். மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அவன் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் அடித்தது. டவர் வந்துவிட்டது போலும். சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகக் கட் பண்ணினான். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினான்.

துண்டோடு வந்து நின்ற அம்சவல்லி அந்தப் பெயரைப் பார்த்துவிட்டாள். இராஜாங்கம். திருப்பூரில் அவனோடு ஒரே அறையில் பத்து வருஷம் கிடந்தவன்.

"வளவன் தம்பி லோடு வெள்ளிக்கெழமைன்னு ரெண்டு வாட்டி சொன்னுச்சாம்" என்றாள்.

"காதுல விழல."

"சரி தம்பி, சரி தம்பின்னீங்களாம்."

"அதான் விழலங்குறேன்ல. தூக்கிடுங்கன்னது மட்டுந்தான் விழுந்துச்சு."

கொட்டகையில் ஒரு கோழி இருமினால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்கிறவன் அவன். பாதியைக் கேட்டுவிட்டு மீதியைக் கேட்காமல் ஓடிவருகிற ஆள் அல்ல. நேற்று ஓடி வந்தான். தூக்கிரு, தூக்கிரு என்று பறந்தான். கோழி போய்விட்டால் போதும் என்று காத்திருந்த காதுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. அம்சவல்லிக்கு அது இப்போதுதான் புரிந்தது.

"எப்ப வண்டி?" என்றாள்.

"அதான் வெள்ளிக்கெழமன்னுட்டானே."

"நான் கோழி வண்டியக் கேக்கல."

அவன் கை கழுவுவதை நிறுத்தவில்லை. கழுவிக் கழுவிக் கை வெளுத்த பிறகும் கழுவினான். கடைசியில் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னான். "இன்னிக்கு சாயந்தர பாசஞ்சர். கோழிய ஏத்தி விட்டுட்டுக் கெளம்பிரலாம்னு. இராஜாங்கம் எடம் சொல்லி வச்சிருக்கான். இந்த வாரம் சேரணும்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் போவ மாட்டேன்."

"எடை தேறிட்டா நீங்க இருப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் நாயா ஒழச்சேன். ஒவ்வொண்ணையும் கையால தின்ன வச்சேன்."

"தெரியும் அம்சு. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்." கையை உதறினான். "எடை தேறினாலும் என்னால முடியல. மேகம் கறுத்தா வயித்தக் கலக்குது. வெயில் அடிச்சா கலக்குது. ஒரு கோழி தும்முனா தூக்கம் போச்சு. அங்க தண்ணியில நின்னு கால் அழுகுனாலும், மெஷின நிறுத்திட்டா அதோட சரி. வந்து படுத்தா தூங்கிருவேன். இங்க நான் தூங்கி மூணு வருசமாச்சு."

அவள் ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்த குறட்டை அப்புறம் யாருடையது? தூங்குகிற மாதிரி படுத்துக் கிடந்திருக்கிறான், இவளுக்காக. அம்சவல்லிக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் கோழிக்குப் பயந்தாளே தவிர, பக்கத்தில் படுத்திருந்தவனை ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

அவள் அவன் கையிலிருந்து போனை வாங்கி வளவனை அழைத்தாள். தீவனம் போட்டாகிவிட்டது என்றாள். எத்தனை செத்தது என்று கேட்டதற்குச் சொன்னாள். பிறகு, "தம்பி, அடுத்த குஞ்சு விட்டா எம் பேருல விடச் சொல்லு. அம்சவல்லின்னு. அண்ணன் திருப்பூருக்குப் போறாரு" என்றாள்.

"எடை என்ன வருதுன்னு பாத்துட்டுத்தான்க்கா மேனேஜர்கிட்ட கேக்கவே முடியும்" என்றான் வளவன். "ஒரு நாள் தீனி போயிருக்கு. ரொம்ப சொல்ல முடியாது. ஆமா, நீங்க ஒத்த ஆளா எப்படிக்கா பாப்பீங்க?"

"அத நான் பாத்துக்குறேன். நீ கேளு."

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஈரச் சட்டையில் நடுங்கினான். துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

"வெள்ளிக்கெழம லோடு ஏத்துற வரைக்குமாச்சும் இருங்க. மறுபடி தட்டத் தூக்கணும். அத என்னால தனியா செய்ய முடியாது."

"இருக்கேன்" என்றான் ரெத்தினம்.

அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்கத்தான் அவள் மூன்று வருஷமாகத் தவம் கிடந்தாள். கிடைத்துவிட்டது, இரண்டு நாளைக்கு.